அடி விழுந்தால்தான் மாறுவோமா?

பிப்ரவரி 4 (ஒரு வாசகியின் கேள்வி)

"எனக்கு 43 வயது. 19 ஆண்டுகளாகக் காப்பீட்டுக் கோப்புகளோடு காலம் தள்ளுகிறேன். காது கேளாத குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது பத்தாண்டு ஆசை. ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. என் பக்கத்து மேசைக்காரருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தெழுந்தவர் மூன்றே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, முதியோர் இல்லம் ஒன்றில் சேவைக்குப் போய்விட்டார். பெரிய அடி விழுந்தால்தான் மனிதர்கள் மாறுவார்கள் என்று தோன்றுகிறது. அப்படி ஒன்றும் நேராத என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?"

பிப்ரவரி 4, இரவு

அடி விழுந்தால்தான் மாறுவோம் என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். அதற்குப் பொருத்தமான கதையும் என்னிடம் இருந்தது. அப்பா இறந்தார், கணக்கர் வேலையை விட்டேன், மரவேலைப் பட்டறைக்குப் போனேன். யார் கேட்டாலும் இந்த மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவேன். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். "அப்பாவின் சாவு உங்களை உலுக்கிவிட்டது" என்பார்கள். ஆமாம் என்பேன்.

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் பரணிலிருந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கிப் பார்த்தேன். அப்பா இறந்த நாளுக்கும் நான் வேலையை விட்ட நாளுக்கும் இடையில் 2 ஆண்டு 4 மாதம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அந்த இடைவெளியை விழுங்கிவிட்டுத்தான் கதை சொல்லி வந்திருக்கிறேன். அதில் என்ன நடந்தது என்று நாளை எழுதுகிறேன். இப்போது தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 5

அப்பா இறந்த முதல் மாதத்திலேயே விலகல் கடிதம் எழுதிவிட்டேன். மேசை இழுப்பறையில் போட்டேன். ஆறு மாதம் கழித்து அதைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். அதுவும் இழுப்பறைக்குத்தான் போனது. மூன்றாவதில் கையெழுத்துவரை போட்டு, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்தேன். இதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. துக்கம் குறையவில்லை, நானும் நகரவில்லை.

அப்பாவின் நாற்காலியில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நான் செய்தால் அரை மணி நேரம். நீங்கள் செய்தால் மூன்று சனிக்கிழமை. எது வேண்டும்?" என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று சனிக்கிழமை என்றேன்.

காலைக் கழற்றியதும் உள்ளே இருந்த கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் முனை, தெரிந்தது. பழைய பசை கறுத்துக் கண்ணாடிபோல் இறுகியிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஊறவைத்து, உளியின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். முதல் சனிக்கிழமை அதிலேயே போனது. பசை போன பிறகு பார்த்தால், கழுந்து ஒரு தாள் கனத்துக்குச் சுருங்கியிருந்தது. அந்த ஒரு தாள் இடைவெளியில்தான் நாற்காலி அத்தனை ஆண்டும் ஆடியிருக்கிறது. மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துக் கழுந்தின் பக்கவாட்டில் ஒட்டி, காய்ந்ததும் இழைத்து, துளைக்குள் விட்டுப் பார்த்து, மறுபடி இழைத்து, மூன்றாம் சனிக்கிழமை மாலை கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டினேன். நின்றது.

நாற்காலி வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை நாற்காலி இல்லாமலே பட்டறைக்குப் போனேன். ஓராண்டுக்கு மேல் அப்படிப் போய்க்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவர், "இடப்பக்க மேசை திங்களிலிருந்து காலி. அந்தப் பையன் கிளம்புகிறான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்றிரவு இழுப்பறையைத் திறந்து கடிதத்தில் தேதியை எழுதினேன்.

ஆக, கடிதத்தை எழுத வைத்தது அப்பாவின் சாவு. தேதியைப் போட வைத்தது அந்த மேசை. நான் முதலாவதை மட்டுமே ஊருக்குச் சொல்லி வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 6

உங்கள் பக்கத்து மேசைக்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்காதீர்கள். அந்த முதியோர் இல்லத்துக்குள் முதன்முதலில் எப்போது நுழைந்தீர்கள் என்று கேளுங்கள். மாரடைப்புக்கு முன்பே அவர் அங்கே போய்வந்துகொண்டிருந்திருப்பார் என்பது என் ஊகம்.

பிப்ரவரி 9

"பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் ஒரே இரவில்தான் எல்லாம் மாறியது, காந்தியை ரயிலிலிருந்து தள்ளியது போதாதா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கதையிலும் ஓர் இடைவெளி விழுங்கப்பட்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் அவரை இறக்கிவிட்டது 1893 ஜூன் 7. குளிரில் விறைத்தபடி விடியும்வரை அங்கே உட்கார்ந்திருந்தார். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றும் யோசித்தார். ஆனால் மறுநாள் தன் பயணத்தைத்தான் தொடர்ந்தார். பிரிட்டோரியாவுக்குப் போய், எந்த வழக்குக்காக வந்தாரோ அந்த வழக்கைப் பார்த்தார். அது முடிந்ததும், 1894-இல், இந்தியாவுக்குக் கப்பலேற டர்பனுக்கு வந்தார். வழியனுப்பு விருந்து நடக்கிறது. அங்கே கிடந்த செய்தித்தாளின் ஒரு மூலையில், நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா பற்றிய செய்தி அவர் கண்ணில் படுகிறது. கூடியிருந்தவர்கள், இன்னும் ஒரு மாதம் இருங்கள், நாங்கள் உடன் நிற்கிறோம் என்கிறார்கள். ஒரு மாதம் என்று தங்கினார். இடையில் சிலமுறை கடல் கடந்து போய்வந்தாலும், அந்த நாட்டை விட்டுக் கடைசியாகக் கிளம்பியது 1914-இல்.

அந்த ரயில் நிலைய இரவு சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்குள் கனன்றுகொண்டே இருந்திருக்கும். ஆனால் அவரை அங்கே தங்க வைத்தவை ஒரு குறிப்பிட்ட வேலையும், இருங்கள் என்று கேட்ட மனிதர்களும், 'ஒரு மாதம்' என்ற சின்ன அளவும். 20 ஆண்டுகள் இருங்கள் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

பிப்ரவரி 10

அசோகர் ஒரே போரில் மாறிவிடவில்லையா என்று கேட்டவருக்கு. முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபின் கலிங்கப் போர். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று அவருடைய 13-ஆம் பாறைக் கல்வெட்டே சொல்கிறது. அதற்காக அவர் வருந்துவதும் அதிலேயே இருக்கிறது. இதைவிடப் பெரிய அடி ஒரு மனச்சாட்சிக்கு விழ முடியாது.

ஆனால் அவருடைய சிறு பாறைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில், தான் பௌத்த உபாசகனாகி இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகிறது என்றும், அதில் ஓராண்டு தான் பெரிதாக முனையவில்லை என்றும், சங்கத்தை நெருங்கிய பிறகே தீவிரமானதாகவும் அவரே சொல்கிறார். ஒரு பேரரசர் "ஓராண்டு நான் சரியாக முயலவில்லை" என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். இழுப்பறையில் கிடந்த என் கடிதங்களை நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும்.

பிப்ரவரி 13

"அப்படியானால் அந்த 2 ஆண்டு 4 மாதம் வீணா?" என்று ஒரு கேள்வி. வீணில்லை. 1983-இல் ஜேம்ஸ் புரோச்சஸ்கா, கார்லோ டிகிளெமென்டே என்ற இருவர், புகைப்பதை விட முயன்ற 872 பேரை ஆராய்ந்து எழுதினார்கள். விடுவது என்பது ஒரு நாள் நிகழ்வு அல்ல, அதற்குப் படிகள் இருக்கின்றன என்றார்கள். நினைப்பே இல்லாத நிலை, நினைத்துக்கொண்டே இருக்கும் நிலை, செய்யும் நிலை, செய்ததைக் காப்பாற்றும் நிலை. பின்னாளில் ஆயத்தம் என்ற படியும் இடையில் சேர்ந்தது. சறுக்கிக் கீழே வருவதும் மறுபடி ஏறுவதும் இதில் சாதாரணம்.

இந்தக் கட்டங்கள் அப்படிக் கோடு கிழித்தாற்போலப் பிரிவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானதே. இருந்தாலும் "நினைத்துக்கொண்டே இருப்பது" என்பதற்கு ஒரு பெயரும் ஓர் இடமும் கொடுத்தார்கள் பாருங்கள், அதற்காக நான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். வாசகியின் பத்தாண்டு ஆசையை அவர் சோம்பல் என்று எண்ணுகிறார். நான் அப்படி எண்ணவில்லை.

என் தம்பி குடியை நான்காவது முயற்சியில்தான் விட்டான். முதல் மூன்றும் தோல்வி என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாலை ஆறிலிருந்து எட்டு மணிவரைதான் தனக்கு ஆபத்தான நேரம் என்பதை அவன் கண்டுபிடித்தது இரண்டாவது முயற்சியில். அதைத் தெரிந்துகொண்டிராவிட்டால் நான்காவது இல்லை.

பிப்ரவரி 14

தம்பியைப் பற்றி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. நான்காவது முயற்சிக்குச் சற்று முன்புதான் அவன் வீடு மாறினான். வேலை காரணமாக மாறினான், குடிக்காக அல்ல. பழைய பஸ் நிறுத்தம் இல்லை, வழக்கமாகக் காத்திருக்கும் நண்பர்கள் இல்லை, அந்தத் தெருமுனை இல்லை. மாலை ஆறு மணி வந்தது, ஆனால் அதோடு கூட வந்தவை எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன.

வியட்நாமிலிருந்து 1971-இல் திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே இருந்தபோது ஐந்தில் ஒருவர் போதைக்கு அடிமையாகியிருந்ததாகத் தெரிந்தது. நாடு முழுவதும் பதறியது. ஆனால் அப்படி அடிமையாகியிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். போர் இல்லை, அந்தச் சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அந்தக் கூட்டாளிகள் இல்லை. இடம் மாறினால் எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வீடு மாறியும் விடமுடியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் "மனவுறுதி, மனவுறுதி" என்று தம்பியின் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தோமே, அதில் பாதியை அந்தத் தெருமுனையிடம் கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 17

முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு செய்தி. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் இணையத்தில் நாணயம் சுண்டும் சோதனை ஒன்று நடத்தினார். வேலையை விடவா, உறவை முறிக்கவா என்று திண்டாடியவர்கள் வந்து சுண்டினார்கள். 20,000-க்கும் மேற்பட்ட சுண்டல்கள். தலை விழுந்தால் மாறு, பூ விழுந்தால் இருந்தபடியே இரு. தலை விழுந்தவர்கள் மாறியது அதிகம். பெரிய விஷயங்களில் மாறியவர்கள் ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். 2016-இல் வெளிவந்தது.

எனவே தயங்குகிறீர்களா, மாறிவிடுங்கள்.

பிப்ரவரி 18

நேற்றைய கடைசி வரியை எழுதியிருக்கக்கூடாது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், பிடித்தது சரிதான். முன்பின் தெரியாத ஓர் இணையதளத்துக்கு வந்து தன் வாழ்க்கையை நாணயத்தின் மேல் வைப்பவர் ஏற்கெனவே வாசற்படிவரை வந்துவிட்டவர். மாறலாமா வேண்டாமா என்று தராசு நடுவில் நிற்பவர்களைப் பற்றித்தான் அந்த முடிவு பேசுகிறது. கட்டிலிலிருந்து எழவே முடியாதவரைப் பற்றி அல்ல, தலைக்குமேல் கடன் இருப்பவரைப் பற்றியும் அல்ல.

ஆனால் ஒன்று மிஞ்சுகிறது. ஒரு நாணயம் சொன்னதற்கே மனிதர்கள் நகர்ந்திருக்கிறார்கள் என்றால், அவர்களிடம் காரணங்கள் எப்போதோ நிறைந்துவிட்டன. யாராவது ஒருவர் "சரி, போ" என்று சொல்லத்தான் ஆளில்லை.

பிப்ரவரி 22

பணத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. நானும் பேசவில்லை. வேலையை விட்டபோது எங்களிடம் ஏழு மாதச் செலவுக்கான சேமிப்பு இருந்தது. அது இல்லாவிட்டால் இடப்பக்க மேசை வேறு யாருக்கோ போயிருக்கும். துணிச்சல் என்று பிறர் என்னைப் பாராட்டும்போதெல்லாம் இந்த ஏழு மாதக் கணக்கையும் சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 27

இன்று எழுதப்போவது கசப்பானது. பல நாட்களாகத் தள்ளிப்போட்டு வந்தேன்.

என் நண்பர் ஒருவருக்கு மணமுறிவு. அடி என்றால் அதுதான் அடி. ஆறே வாரத்தில் வேலையை விட்டார், வீட்டை விற்றார், யாரையும் தெரியாத ஒரு தொலைதூர ஊருக்குக் குடிபோனார். நாங்கள் எல்லோரும் அவரைக் கொண்டாடினோம். "பார், எப்படி உதறிவிட்டுப் போகிறான்" என்று பேசிக்கொண்டோம். ஓர் ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். அங்கே காலையில் எழுந்ததும் தன்னைத் தேட ஒரு மனிதரும் இல்லை, இன்று இதைச் செய் என்று சொல்ல ஒரு வேலையும் இல்லை என்றார். "நான் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பினேன், ஆனால் எங்கேயும் போய்ச் சேரவில்லை" என்று அவர் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை.

அடியின் வேகம் மனிதனை எறிகிறது. எந்தத் திசையில் விழுவான் என்பது அதற்குத் தெரியாது. வாசகி தனக்கு அடி எதுவும் விழவில்லையே என்று வருந்தியிருந்தார். அந்த வருத்தத்தைப் படித்த நாளிலிருந்து நான் இந்த நண்பரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதையும் சேர்த்துக்கொள்கிறேன். தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1990-களில் வருத்தங்களை ஆராய்ந்தார்கள். அண்மையில் நடந்தவற்றில், செய்துவிட்ட செயல்களே அதிகம் உறுத்துகின்றன. வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போது, செய்யாமல் விட்டவையே உறுத்துகின்றன. இது நண்பருக்கும் பொருந்துமா? கேட்டேன். யோசித்துவிட்டு, "போனதற்காக வருந்தவில்லை. போன விதத்துக்காக வருந்துகிறேன்" என்றார்.

மார்ச் 2

என் மனைவி இதையெல்லாம் இன்று முழுவதுமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "ஏழு மாதச் சேமிப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லையே" என்றார்.

எனக்கு அது எங்கள் சேமிப்பு என்றுதான் நினைவு. கேட்டபோது சொன்னார். மூன்றாவது கடிதத்தை அவர் இழுப்பறையில் பார்த்திருக்கிறார். தேதி இல்லாததையும் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரமே தன் பணியிடத்தில் கூடுதல் நேர வேலை கேட்டு வாங்கியிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் அவர் இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பியது எனக்கு நினைவிருக்கிறது. வேலை கூடிவிட்டது போலும் என்று எண்ணியதும் நினைவிருக்கிறது. கேட்கவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் அப்படி வந்திருக்கிறார்.

பிப்ரவரி 5 அன்று, தேதியைப் போட வைத்தது அந்த மேசை என்று எழுதினேன். அதை அழிக்காமல் விடுகிறேன். ஆனால் அது சரியில்லை. பட்டறைக்காரர் மேசையைக் காட்டினார். அந்த மேசைக்கு நான் நடந்துபோகத் தரையைப் போட்டவர் இன்னொருவர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு வாசகியின் கேள்வியால் இது எனக்குத் தெரியவருகிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தால் எனக்காக அவசரப்பட்டிருப்பீர்கள்" என்றார்.

மார்ச் 8

வாசகியிடமிருந்து இரண்டு செய்திகள்.

ஒன்று, பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டிருக்கிறார். மாரடைப்புக்கு முன் அந்த இல்லத்தின் பக்கம்கூட எட்டிப் பார்த்ததில்லை, அப்படி ஒரு நினைப்பே இருந்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் கண் விழித்த காலையில் திடீரென்று தெரிந்துவிட்டதாம். ஆக, என் பிப்ரவரி 6 ஊகம் தவறு. இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். வில்லியம் மில்லர், ஜேனட் சி டி பாகா இருவரும் இப்படித் திடீரென்று மாறிய 55 பேரைப் பேட்டி கண்டு எழுதியிருக்கிறார்கள். கதவு தானாகத் திறந்ததுபோல் அவர்கள் பேசுகிறார்கள். என் கதையை எல்லோர் மேலும் போர்த்திவிடப் பார்த்தேன். அது வேண்டாம்.

இரண்டு, செவ்வாய்க்கிழமை மாலைகளில் நடக்கும் சைகை மொழி வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். வேலையை விடவில்லை. "இதெல்லாம் மாற்றத்தில் சேருமா?" என்று கேட்கிறார்.

என் முதல் சனிக்கிழமை முழுவதும் நான் பழைய பசையைத்தான் சுரண்டினேன். போய் வாருங்கள். வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். எனக்குப் பட்டறையில் கிடைத்தவை எல்லாம் கூட்டிப் பெருக்கும் நேரத்தில்தான் கிடைத்தன.

மார்ச் 11

ஒருவர் "21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும், வாசகியிடம் சொல்லுங்கள்" என்கிறார். சொல்லமாட்டேன். லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு சின்னப் பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகும் என்ற கணக்கு வந்தது. நடுவெண் 66, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். இருபத்திரண்டாம் நாள் தன்னிடம் ஏதோ கோளாறு என்று வாசகி நினைத்துவிடக்கூடாது.

ஏப்ரல் 19

வாசகி எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்.

"ஆறாவது வகுப்பு. எங்கள் ஆசிரியைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. இதுவரை என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரலால் காட்டிக்கொண்டிருந்தார். நேற்று என்னை நிறுத்தி, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் இடக்கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. ஆள்காட்டி விரலால் தன் கன்னத்தில் அதே இடத்தைத் தொட்டு, விரலை வெளியே மலர்த்திக் காட்டினார். இனி இதுதான் என் பெயராம். கேட்காதவர்கள் ஒருவருக்குச் சைகையில் பெயர் வைத்தால்தான் உண்டு, நாமே வைத்துக்கொள்ள முடியாதாம். வகுப்பில் எல்லோரும் ஒருமுறை என்னை அப்படிக் கூப்பிட்டார்கள். வேலையைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை."

மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, விரல் மலர்வது எப்படி என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஒரு விரல் மட்டுமா, ஐந்து விரலுமா? அடுத்த முறை எழுதும்போது அதைச் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தோம்.